பாசிக்குடா பாய்ப்படகுச் சவாரி: மீதிக் காசு கொடுக்கு முன் பாயை ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்

பாசிக்குடாவிலிருந்து அறுகம்பே வரை, இரண்டு உடல் சேர்த்துக் கட்டிய கட்டமரான் பாய்ப்படகில் இரண்டு நாள் பயணம், வழியில் மீன்பிடி, இரவு படகிலேயே தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மாட்களைக் குறிவைத்தே போடுகிறார்கள். விலை சுவிஸ் ஃபிராங்கில் இருக்கிறது, கனேடிய டொலரில் இருக்கிறது, ரூபாயில் எவ்வளவு என்று கேட்டால்தான் சொல்வார்கள். அதற்குக் காசு கட்டிவிடாதீர்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை, ஆனால் நடந்ததைச் சொல்கிறேன், இதே படகு நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சுவிஸிலிருந்து வந்த என் மச்சான்தான் அங்கிருந்தபடியே ஒழுங்குபடுத்தியது. பிள்ளைகளுக்கு நம்முடைய கடலைக் காட்ட வேண்டும், வயதான அப்பாவையும் ஒருதடவை வசதியாகக் கடலில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. அவருடைய அப்பா, அதாவது என் மாமா, கல்லடியில் கடல் தொழில் செய்தே குடும்பத்தை வளர்த்தவர். மொத்தம் 180,000 ரூபாய், பாதி முற்பணம், அதுவும் நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, ஒரு தனி ஆளின் வங்கிக் கணக்குக்கு. மீதியைப் படகில் ஏறுமுன் கையில் தர வேண்டும். ரசீது கேட்டதற்கு "வட்ஸ்அப்பில மெசேஜ் இருக்குதானே அண்ணன், அதுதான் ரசீது" என்றார்கள்.

விளம்பரத்தில் இருந்த படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னும் அப்படியே கிடக்கிறது. வெள்ளை நிறக் கட்டமரான், இரண்டு பாயும் விரிந்திருக்கிறது, பின்னால் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது, கீழே "மட்டக்களப்பில் மாலை நேரம்" என்று எழுத்து. மட்டக்களப்பில் சூரியன் எந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்கியது? நமக்குக் கடல் கிழக்கே, சூரியன் கடலில் உதித்து வயலுக்குள் மறையும். எந்த நாட்டில் எடுத்த படமோ.

பயணத் திட்டத்தையும் யாராவது உள்ளூர் ஆள் வாசித்திருந்தால் சிரித்திருப்பார். ஹெர்மிஸ் கப்பலுக்கு மேலே நிறுத்தி முகக்கண்ணாடி போட்டு நீந்தியபடி கப்பலைப் பார்க்கலாமாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அது, கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்குக்குச் சுழியோடுகிறவர்களுக்கு 40 மீற்றர்தான் எல்லை, அதற்கென்று தனிப் பயிற்சியும் வாயுக் கலவையும் உள்ளவர்கள் இறங்குகிற இடத்தில், மேலே மிதந்துகொண்டு சின்னப் பிள்ளை எதைப் பார்க்கும்? நீலத் தண்ணீரைத்தான் பார்க்கும். அடுத்தது, முகத்துவாரத்தால் வாவிக்குள் நுழைந்து கல்லடிப் பாலத்தடியில் நங்கூரம் போட்டு இரவில் வாவியின் பாடும் மீன் ஓசையைக் கேட்பது. கோடையில் முகத்துவாரத்து வாயில் மண் சேர்ந்து கிடப்பதை வெளிச்சவீட்டுப் பக்கம் போய் நின்று பார்த்த எவரும் இதை எழுத மாட்டார். மறுநாள் அறுகம்பே. பாசிக்குடாவிலிருந்து அறுகம்பேக்குக் கடலால் சுமார் 70 கடல் மைல் வரும், மணிக்கு 5 கடல் மைல் ஓடினாலும் பதினான்கு மணித்தியாலம், நிற்காமல். இதற்குள் எப்போது மீன் பிடிப்பது, எப்போது நீந்துவது? வழியில் ஒலுவில் துறைமுகத்தில் ஒதுங்கலாம் என்றும் போட்டிருந்தார்கள், அந்த வாயிலும் மண் மூடி மீனவர்கள் படுகிற பாடு அம்பாறைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சரி, படகுக்கு வருகிறேன். படத்தில் இருந்தது அது இல்லை. வந்தது சின்னது, பழையது, இடது பக்க உடல் வலது பக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்து கிடந்தது. கட்டமரான் ஆள் ஏறாமல் நிற்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்த உடலுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றுதான் அர்த்தம், மாமா மூடியைத் தூக்கி உள்ளே ரோச் அடித்துப் பார்த்தார், எண்ணெய் மிதக்கிற தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. "பம்ப் அடிச்சா போயிடும் ஐயா" என்றான் ஒரு பொடியன். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், இரண்டு உடலுக்கும் நடுவே ஆட்கள் படுத்துக்கொண்டு போகிற வலை, விளம்பரத்தில் பிள்ளைகள் குதித்து விளையாடுவதெல்லாம் அதில்தான், அந்த வலையைப் பல இடத்தில் மீன்வலைக் கயிற்றால் பொத்தியிருந்தார்கள். லைஃப் ஜக்கெட் எல்லாம் பெரிய ஆளின் அளவு. மச்சானின் சின்னவனுக்குப் போட்டு தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தோம், கழுத்தால் கழன்று வந்துவிட்டது.

ஆனால் முக்கியமான விஷயம் பாய். பெரிய பாய் மரக்கட்டையோடு சுற்றி நீல உறைக்குள் இருந்தது, அதை எப்போது ஏற்றுவீர்கள் என்று கேட்டால் "வெளிய போய்க் காத்து வந்ததும்". மாமா உறையின் சிப்பைக் கொஞ்சம் இழுத்து விரலால் தையலைச் சுரண்டினார், நூல் மாவாக உதிர்ந்தது. வெயிலில் வருடக்கணக்கில் கிடந்தால் பாய்த்துணி அப்படித்தான் ஆகும். அண்ணாந்து பார்த்தால் பாயை மேலே இழுக்கிற கயிறே இல்லை, அந்த இடத்தில் மெல்லிய ஒரு நூல் மட்டும் மரத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. மாமா மச்சானைப் பார்த்துச் சொன்னார்: "மனே, இது கட்டில். ரெண்டு பக்கமும் தோணி கட்டின கட்டில்."

அந்த நேரத்தில் மீதிக் காசு ஏற்கனவே கை மாறிவிட்டது. பிள்ளைகள் வலையில் ஏறிப் படுத்துவிட்டார்கள். இறங்குவதென்றால் முற்பணமும் போகும், மீதியும் போகும் என்று ஸ்கிப்பர் மரியாதையாகவே சொன்னார், "பயணம் தொடங்கினா ரிஃபண்ட் இல்ல" என்பது மெசேஜில் எங்கோ அடியில் இருக்கிறதாம். ஏறி உட்கார்ந்ததே தொடக்கமாம்.

எஞ்சினில் போனோம். இரண்டு உடலுக்கும் இரண்டு எஞ்சின் இருக்க வேண்டிய படகு அது, ஒன்று பொருத்தியிருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான். ஒற்றைப் பக்க எஞ்சினில் அகலமான படகு நேராக ஓடாது, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாய்ப்படகு என்று காசு வாங்கிவிட்டு பெற்றோலுக்குத் தனியாக 15,000 கேட்டது பிறகு நடந்த கதை.

மீன்பிடியைச் சொன்னால் மாமாவுக்கு இன்னும் ஆத்திரம் வரும். உண்மையில் பாய்க் கட்டமரான் இழுவைத் தூண்டிலுக்கு நல்ல படகுதான், 5, 6 கடல் மைல் வேகத்தில் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடினால் அறுக்குளா, சீலா, சூரை எல்லாம் இரையைத் துரத்தி வரும், பின்படி தாழ்வாக இருப்பதால் மீனைத் தூக்குவதும் லேசு. இவர்கள் கொடுத்த தூண்டில் தடிகளில் சுருள் உப்பில் இறுகி, மீன் இழுத்தால் தங்கூசியை, அதாவது நைலோன் தூண்டில் நூலை, விட்டுக்கொடுக்கிற பிடி அசையவே இல்லை. புன்னைக்குடாவுக்கு நேரே ஒரு நல்ல மீன் அடித்தது, தடி வளைந்தது, சுருள் ஒரு முழம்கூட விடவில்லை, தங்கூசி பட்டென்று அறுந்து மச்சானின் மூத்தவள் பின்னால் விழுந்தாள். மாமா ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ரெஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) துண்டில் சுற்றிய தன்னுடைய தங்கூசியை எடுத்து, கையால் விட்டு, கொஞ்ச நேரத்தில் ஒரு அறுக்குளாவை ஏற்றினார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் படகின் குறையெல்லாம் எங்களுக்கு மறந்தே போயிற்று, உண்மையைச் சொன்னால். பொடியன் வந்து மீனைத் தூக்கி ஐஸ்பெட்டியில் போட்டுப் பூட்டினான். போட்டில் பிடிக்கிற மீனில் போட்டுக்குப் பங்கு உண்டாம். பங்கு என்பது ஆளுக்கு ஆள் உழைத்து, எண்ணெய்ச் செலவு கழித்து, வள்ளத்துக்கு இவ்வளவு வலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தொழில் கணக்கு. முழுக் காசும் கட்டி வந்தவன் தன் தூண்டிலில் பிடித்த மீனுக்கு என்ன பங்கு? மாமா அதைத்தான் கேட்டார், கொஞ்சம் கடுமையான சொற்களில்.

இந்தச் சண்டையின் நடுவில் எஞ்சின் நின்றது. பக்கத்தால் பீச்சுகிற குளிர்நீர் கொஞ்ச நேரமாக வரவில்லை என்பதை ஸ்கிப்பர் கவனிக்கவில்லை, சூடேறி அணைந்துவிட்டது. இங்கேதான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். கச்சான் காலத்தில் காற்று மேற்கே இருந்து, தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கரையோரம் கடல் அலையில்லாமல் அழகாகக் கிடக்கும், சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் பயமில்லை என்று ஏறுவது. ஆனால் எஞ்சின் நின்ற படகை அந்தக் காற்று கரைக்குத் தள்ளாது, வெளியே கொண்டு போகும். போகப் போக அலையும் வளரும். கட்டமரான் தண்ணீருக்கு மேலே உயர்ந்து அகன்று நிற்கிற படகு, தண்ணீருக்குள் ஆழமில்லை, அதனால் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போவது வேகமாக இருக்கும். பாய் இருந்தால் கவலையில்லை, குறுக்கே ஓடியோ எதிர்த்து வளைந்து வளைந்தோ கரைக்கு வந்துவிடலாம். பாயில்லை. நங்கூரம் போட்டார்கள், கயிறு முழுவதும் போயும் தரை பிடிக்கவில்லை, ஆழம் அவ்வளவு. அவசரத்துக்கு 16ஆம் அலைவரிசையில் கூப்பிடுகிற ரேடியோ சுவரில் இருந்தது, அதற்கு மின்கம்பி இல்லை. நல்லகாலம், போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

மாமாவுக்குத் தெரிந்த ஏறாவூர்க் காக்கா ஒருவருக்கு அழைப்பு எடுத்தோம். அவர் புன்னைக்குடாவிலிருந்து தன் ஃபைபர் போட்டை எடுத்துக்கொண்டு வந்து சேரும்வரை கரையின் தென்னைகள் சின்னதாகிக்கொண்டே போவதை என் மனைவி பார்க்கவே மாட்டேன் என்று கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வந்தவர் படகைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாய் எங்க தம்பி?" என்று ஸ்கிப்பரைக் கேட்டார். பதில் வரவில்லை. பிள்ளைகளையும் பெண்களையும் முதலில் தன் போட்டில் ஏற்றி, கட்டமரானைக் கயிறு கட்டி இழுத்து எங்களைப் புன்னைக்குடாவில் இறக்கினார். காசு நீட்டினோம், மண்ணெண்ணெய்க்கு மட்டும் எடுத்துக்கொண்டார். மீன் கட்டமரானின் ஐஸ்பெட்டியிலேயே போய்விட்டது, அது வேறு.

பிறகு நடந்தது வழமையானது. பயணம் நடக்கவில்லை, காசைத் தாருங்கள் என்றோம். இழுத்த செலவு, பெற்றோல் செலவு கழித்து ஏதாவது பார்க்கலாம் என்றார்கள், பிறகு "ஓனர் கொழும்பில", பிறகு வட்ஸ்அப்பில் ப்ளொக். பொலிஸில் முறைப்பாடு போட்டிருக்கிறோம், நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கும் சுற்றுலாத் துறையின் 1912க்கும் அழைத்துச் சொல்லியிருக்கிறோம். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்கிறதா என்று கேட்டால் உண்மையாகத் தொழில் செய்கிறவர்கள் சான்றிதழைக் காட்டுவார்கள், இவர்களிடம் கேட்டதற்கு லோகோ ஒன்றைப் படமாக அனுப்பினார்கள்.

பாசிக்குடாவில் ஒழுங்காகப் படகு ஓட்டுகிற பொடியன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வாய்ப்பேச்சு இல்லாமல் சின்னத் தொகைக்கு அழகாகச் சுற்றிக்காட்டி விடுகிறவர்கள், இப்படியான ஆட்களால் அவர்கள் பிழைப்பும் கெடுகிறது, அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது. பாய்ப்படகில்தான் போக வேண்டுமென்றால் கட்டியிருக்கிற இடத்திலேயே பாயை மேலே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை, பாய் உள்ளவன் மறுக்க மாட்டான். எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பிடிக்கிற மீன் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மீதிக் காசு இதற்கெல்லாம் பிறகு. காற்று எப்படி என்று வளிமண்டலவியல் திணைக்களம் மீனவர்களுக்குச் சொல்கிற அறிவிப்பைப் பார்க்கலாம், அதைவிட அந்தக் கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிற ஒருவரிடம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

இந்த ஆட்களிடம் ஏற்கனவே முற்பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் பார்த்தால் வங்கிச் சிட்டையின் படத்தை எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள், கணக்கு இலக்கம் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேருடையது ஒன்றாகப் போனால் பொலிஸிலும் கொஞ்சம் அசைவார்கள். மச்சான் திரும்பிப் போய்விட்டார், வழக்கு என்று வந்தால் நிற்கப்போவது நானும் மாமாவும்தான்.