நெல்லை – சென்னை விமானம்: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வீட்டுக்கு வீடு ஐந்து மணி

திருநெல்வேலிக்கென்று தனி விமான நிலையம் கிடையாது. நமக்கு வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையம்தான். அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 530 கி.மீ. நெல்லையிலிருந்து ரயிலில் போனால் 650 கி.மீ. சொச்சம்.

இங்கே வரும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானம் மணிக்கு ஏறக்குறைய 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். வானத்தில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். டிக்கெட்டில் ஒன்றரை மணியோ அதற்கு மேலோ போட்டிருப்பார்கள். சென்னையில் ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, தரையில் ஊர்ந்து போவது எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். வாகைக்குளத்தின் பழைய ஓடுபாதை 1,350 மீட்டர் என்பதால் இத்தனை காலம் ஏடிஆர் போன்ற சிறிய விசிறி விமானங்கள் மட்டுமே இறங்கின. இப்போது 3 கி.மீ.க்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள். ஜெட் விமானத்தில் போனாலும் இந்தத் தூரத்துக்குக் கால் மணி, இருபது நிமிடம்தான் மிச்சமாகும்.

உண்மையான நேரம் தரையில்தான் போகிறது. வண்ணார்பேட்டையிலிருந்து கேடிசி நகர், வல்லநாடு வழியாக வாகைக்குளம் முக்கால் மணி. வல்லநாட்டு ஆற்றுப் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்து வேலை நடந்தால் கூடுதலாக இருபது நிமிடம் வையுங்கள். செக்-இன் கவுண்டரை விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதனால் ஒன்றரை மணி முன்பாவது போய்ச் சேர வேண்டும். சென்னையில் பெட்டி வர அரை மணி, மெட்ரோவில் ஆலந்தூர் மாறி எழும்பூர் போக இன்னொரு முக்கால் மணி. ஆக ஐந்து மணி நேரம். வந்தே பாரத் எழும்பூருக்கு ஏழே முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. தாம்பரம் பக்கம் வீடு என்றால் அங்கேயே இறங்கலாம். அவர்களுக்கு விமானச் செலவு வீண் என்பேன். அன்றே போய்த் திரும்ப வேண்டியவர்களுக்கு விமானம்தான் சரி.

ஏடிஆரில் தலைக்கு மேல் பை வைக்கும் அடுக்கு சின்னது. சக்கரப் பெட்டி நுழையாது, படியருகே வாங்கிவைத்து இறங்கும்போது தருவார்கள். பின்வரிசை இருக்கை கேளுங்கள். இறக்கைக்கு முன்னால் சுழலும் விசிறியின் இரைச்சல் அங்கே குறைவு, ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான். அல்வா டப்பா கைப்பையில் போகும், திறந்து காட்டச் சொல்லலாம். ஊறுகாய், நெய் கைப்பையில் வேண்டாம். கொப்பரைத் தேங்காயை எந்தப் பையிலும் வைக்க முடியாது. எண்ணெய்ப் பசையால் தீப்பற்றும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமதம் சகஜம். ஒரே விமானம் போய்ப் போய்த் திரும்புவதால் காலையில் பிந்தினால் மாலை வரை பிந்தும். அந்த மாதங்களில் முதல் விமானமே நல்லது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் விமானமும் நின்றது, ரயிலும் நின்றது.

வள்ளியூர், பணகுடிக்காரர்கள் திருவனந்தபுரம் போகலாமா என்று யோசிப்பார்கள். நாகர்கோவில் தாண்டியதும் களியக்காவிளைச் சாலை நெரிசலில் எழுபது கி.மீ.க்கே இரண்டு மணி ஆகும். சென்னைக்கு வாகைக்குளம் போதும். வளைகுடாவுக்கு என்றால் திருவனந்தபுரமே மேல். சென்னை வழியாக வெளிநாடு போகிறவர்கள் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், முதல் விமானம் பிந்தினால் அடுத்ததுக்கு யாரும் பொறுப்பில்லை. அப்படித்தான் போக வேண்டும் என்றால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள்.