நாலு ட்ராக், பத்து வாத்தியம்: போர்ட்டாஸ்டுடியோ 424-இல் பவுன்ஸ் செய்த அனுபவம்

டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 424 மார்க் 3 என்ற நாலு ட்ராக் கேசட் பதிவுக் கருவியை வைத்துப் பாட்டுப் பதிபவர்கள் எல்லோரும் ஐந்தாவது வாத்தியத்தில் போய் முட்டிக்கொள்வார்கள். கிதார், பேஸ், தாளம், குரல் என்று நாலு ட்ராக்கும் நிரம்பிவிடும். அப்புறம்தான் கோரஸ் வேண்டும், ஹார்மோனியம் வேண்டும், ஒரு கஞ்சிராவாவது வேண்டும் என்று தோன்றும். நாலும் நிரம்பும் முன்பே, பதிந்த ட்ராக்குகளை ஒன்றாகக் கலந்து காலி ட்ராக்கில் இறக்குவதுதான் ஒரே வழி. அதற்குப் பெயர் பவுன்ஸ். 1979-இல் சாதாரண கேசட்டில் நாலு ட்ராக் பதியும் முதல் போர்ட்டாஸ்டுடியோவான 144 வந்தபோதும் இதே வித்தைதான். இன்று பழைய சாமான் சந்தையில் 424 வாங்குபவருக்கும் இதே வித்தைதான்.

கேசட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதித் தவறு தானாகக் குறையும். சாதாரண டெக்கில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என்று ட்ராக்குகள் பிரிந்திருக்கும். 424 அந்த நாலையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்கிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பதிந்தால் முன்பு பதிந்தது அழியும். டேப்பின் மொத்த அகலமே 3.81 மில்லிமீட்டர், அதில் நாலு பேர் குடித்தனம். இந்த நெருக்கடியைச் சமாளிக்கத்தான் டேப்பை இரட்டை வேகத்தில், விநாடிக்கு 9.5 சென்டிமீட்டராக ஓட்டுகிறார்கள். சி-60 கேசட் இப்படி ஓடினால் 15 நிமிடம்தான். பவுன்ஸ் செய்யும் எண்ணம் இருந்தால் வேகக் குறைப்பு பட்டனை மறந்துவிடுங்கள். டைப் 2 (குரோம் வகை) கேசட் மட்டும் போடுங்கள், கருவியின் பயஸ் (பதிவுக்குத் துணையாகச் செலுத்தும் மின்னோட்டம்) அதற்குத்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. சி-120 வேண்டவே வேண்டாம். அதன் டேப் மெல்லியது, பத்து முறை முன்னும் பின்னும் ஓட்டினால் நீண்டுவிடும்.

இனி வேலை. 1, 2, 3-இல் கிதார், பேஸ், மிருதங்கம் இருக்கின்றன, மூன்றையும் 4-க்கு இறக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சேனல் 1, 2, 3-இன் இன்புட் சுவிட்சை ‘டேப்’புக்குத் தள்ளுங்கள். மூன்றின் பேன் குமிழையும் (ஒலியை இடம் வலமாக நகர்த்துவது) வலக்கோடிக்குத் திருப்புங்கள். ட்ராக் 4-இன் ரெக்கார்ட் சுவிட்சை ‘பஸ் ஆர்’ நிலைக்குக் கொண்டுவாருங்கள். பஸ் என்பது சேனல்களின் ஒலி ஒன்றாகக் கலந்து ஓடும் வழி, ஆர் என்றால் வலது. மற்ற மூன்று ட்ராக்கின் ரெக்கார்ட் சுவிட்சும் ‘சேஃப்’பில்தான் இருக்க வேண்டும். இதை விரலால் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்கும் பழக்கம் நல்லது, தப்பினால் மூலமே அழியும். இரட்டைப்படை ட்ராக்குகள் வலது பஸ்ஸிலிருந்தும் ஒற்றைப்படை ட்ராக்குகள் இடது பஸ்ஸிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். ட்ராக் 3-க்கு இறக்கும்போது பேன் இடக்கோடிக்குப் போக வேண்டும் என்பது இதனால்தான்.

சேனல் 4-இல்தான் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டுவார்கள். அதன் சுவிட்சும் ‘டேப்’பிலேயே இருந்துவிட்டால், பதிகிற ட்ராக் தன்னையே மறுபடி தனக்குள் ஊற்றிக்கொள்ளும். ஹெட்போனில் காது கிழிகிற கூவல் வரும். சேனல் 4 ஒன்று ‘ஆஃப்’பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘மைக்’கில். மைக்கில் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். பவுன்ஸ் ஓடும் அதே நேரத்தில் நேரடியாக ஒரு வாத்தியத்தை வாசித்துச் சேர்த்துவிடலாம், அது முதல் தலைமுறையாகவே, அதாவது நகலெடுக்கப்படாமல் நேராகவே இறங்கும்.

எதைக் கேட்டுக்கொண்டு பவுன்ஸ் செய்வது என்பதிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. எல்லாம் வலக்கோடியில் இருப்பதால் ஸ்டீரியோ பஸ்ஸைக் கேட்டால் ஒரு காதில் மட்டும் வரும், அளவு தப்பாகத் தெரியும். மானிட்டரை டேப் க்யூவுக்கு (ட்ராக்குகளைத் தனியே கேட்கும் வழி) மாற்றி, ட்ராக் 4-இன் க்யூ குமிழை மட்டும் ஏற்றுங்கள். என்ன பதிவாகிறதோ அது இரண்டு காதிலும் கேட்கும்.

நேரடி வாசிப்பையும் கணக்கில் எடுத்தால் இந்தக் கருவியில் பத்துப் பகுதி வரை போகலாம், எதுவும் இரண்டாம் தலைமுறையைத் தாண்டாது. 1, 2, 3-இல் மூன்று, அவற்றோடு நேரடியாக ஒன்று சேர்த்து ட்ராக் 4-இல்: ஆக நாலு. காலியான 1, 2-இல் இரண்டு, கூடவே நேரடியாக ஒன்று, மூன்றும் ட்ராக் 3-க்கு: ஏழு. ட்ராக் 1-இல் ஒன்று, நேரடியாக ஒன்று, இரண்டும் ட்ராக் 2-க்கு: ஒன்பது. கடைசியாக ட்ராக் 1-இல் முதன்மைக் குரல். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஏழே தாராளம். பத்து வரை போன பாட்டுகளில் ட்ராக் 2 எப்போதும் அவசரத்தில் நிரப்பிய ட்ராக்காகவே ஒலிக்கும்.

முதலில் எதை இறக்குவது என்பதில்தான் உண்மையான தேர்ச்சி இருக்கிறது. ஒவ்வொரு நகலிலும் முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ஜால்ரா, சலங்கை, ஷேக்கர், ஸ்டீல் கம்பி கிதாரின் மினுமினுப்பு எல்லாம் ஒரே பவுன்ஸில் போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடும். பேஸ், ஹார்மோனியம், சுருதிப்பெட்டி, கோரஸ் எல்லாம் நகலைத் தாங்கும். ஆகவே மங்கினாலும் பாதகமில்லாதவற்றை முதலில் பதிந்து இறக்கிவிட்டு, பளபளப்பானவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்வதே சரி. நம்மில் பலருக்கு ஜால்ராவை வைத்துத் தாளம் பிடித்துக்கொண்டு தொடங்குவது பழக்கம். பழக்கத்தை விட முடியாவிட்டால் முதலில் ஒரு தற்காலிக ஜால்ரா பதிந்து, பவுன்ஸில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டுக் கடைசியில் புதிதாகத் தட்டிக்கொள்ளலாம்.

மங்குவதை ஈடுகட்டப் பவுன்ஸ் போகும்போதே ட்ரெபிளை (உச்ச ஒலியை) கொஞ்சம் ஏற்றுவது வழக்கம். சேனல் 1, 2-இல் 2, 3 டெசிபல் ஏற்றலாம். சேனல் 3-இல் ஏற்றக் கூடாது. காரணம், பதிவதும் வாசிப்பதும் ஒரே ஹெட்தான் (டேப்பைத் தொடும் காந்தமுனை). ட்ராக் 4-இல் பதிவாகிற சத்தம் பக்கத்து வீடான ட்ராக் 3-இன் வாசிப்பில் கொஞ்சம் கசியும். அது சேனல் 3 வழியாக மறுபடி 4-க்கு வரும். சாதாரணமாக இந்தக் கசிவு கண்டுகொள்ளாத அளவுதான். ட்ரெபிளை ஏற்றினால் இந்தச் சுற்று வலுத்து, மெல்லிய விசில் கிளம்பும். பேஸ் மாதிரி உச்ச ஒலியே தேவைப்படாத வாத்தியத்தை ட்ராக் 3-இல் வைத்து, அதன் ட்ரெபிளை இறக்கிவிட்டால் தொல்லை விட்டது.

டிபிஎக்ஸ் பற்றிச் சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றிப் பேச முடியாது. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தை 2-க்கு 1 என்று சுருக்கி, வாசிக்கும்போது அதே கணக்கில் விரிக்கும் இரைச்சல் குறைப்பு முறை அது. அது இல்லாமல் மூன்று ட்ராக்கைக் கலந்தால் மூன்றின் இரைச்சலும் கூடி, ஏறத்தாழ 5 டெசிபல் ஏறும். இறங்குகிற ட்ராக்கின் சொந்த இரைச்சலையும் சேர்த்தால் 6. டிபிஎக்ஸ் போட்டால் இது பெரிய விஷயமே இல்லை. ஆனால் விரிக்கும்போது பிழையும் விரியும். ஹெட்டில் அழுக்குப் படிந்து 2 டெசிபல் குறைந்தால் வெளியே 4 டெசிபல் குறையும். அடுத்த பவுன்ஸில் அந்தக் குறையோடு இன்னொரு குறை சேரும். பவுன்ஸுக்கு முன் ஹெட்டையும், டேப்பை இழுத்து ஓட்டும் தண்டான கேப்ஸ்டனையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைப்பதைத் தவறவிடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். வாசனைத் திரவியம் கலந்த ஸ்பிரிட் வேண்டாம்.

டிபிஎக்ஸின் இன்னொரு குணம் மூச்சு விடுவது. மிருதங்கத்தின் தொப்பி மட்டும் தனியாக ஒரு ட்ராக்கில் இருந்தால், ஒவ்வொரு ‘தொம்’முக்குப் பின்னும் ஒரு ‘ஸ்ஸ்’ எழுந்து அடங்கும். அடிச்சத்தம் இரைச்சலைத் தன்னோடு மேலே தூக்குகிறது, அதை மூடிமறைக்க உச்ச ஒலி எதுவும் அங்கே இல்லை. அதே ட்ராக்கில் தம்புராவையோ கிதாரையோ கலந்துவிட்டால் மூச்சு அதற்குள் ஒளிந்துகொள்ளும். யாரை யாரோடு ஒரே ட்ராக்கில் குடிவைப்பது என்று முடிவெடுக்கும்போது இதையும் பார்க்க வேண்டும். மீட்டரைச் சிவப்பில் முட்டவிடுவதும் டிபிஎக்ஸோடு ஒத்துவராது. உச்சம் 0-வைத் தொட்டுத் திரும்பினால் போதும்.

அளவு விஷயத்தில் ஹெட்போன் ஏமாற்றும், பேஸ் எப்போதும் கூடுதலாகவே இறங்கும். தாளமும் பேஸும் கிதாரும் ஒரே ட்ராக்கில் கலந்தபின் பேஸை மட்டும் குறைக்க வழியே கிடையாது. இறங்கிய ட்ராக்கின் ‘லோ’ குமிழைக் குறைத்தால் மிருதங்கமும் சேர்ந்து சூம்பிப்போகும். குரல் இல்லாமல் கேட்கும்போது கிதார் சரியாகத் தோன்றும், குரல் வந்து உட்கார்ந்ததும் இடிக்கும். பவுன்ஸ் ஒத்திகையின்போது கூடவே வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். முடிந்ததும் 1, 2, 3-ஐ ‘ஆஃப்’ செய்து, ட்ராக் 4-ஐ மட்டும் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேளுங்கள். மேலே புதிதாகப் பதிகிறவரை மூலம் மூன்றும் டேப்பில் அப்படியேதான் இருக்கும். அதனால் அன்றைக்கே அழிக்க வேண்டிய அவசியமில்லை. மறுநாள் காலையில் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் நாலில் ஒரு பவுன்ஸாவது திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். டேப் உங்களுடையது, அவசரம் எதற்கு?

எதிரொலியைப் பவுன்ஸில் சேர்க்கலாமா? கோரஸுக்குச் சேர்க்கலாம், தாளத்துக்குக் கூடாது. இறுதிக் கலவையில் மொத்தத்துக்கும் இன்னொரு எதிரொலி வரும்போது மிருதங்கம் கிணற்றுக்குள்ளிருந்து ஒலிக்கும். இன்னொன்றும் உண்டு. ஒரே ட்ராக்கில் இறங்கியவை எல்லாம் ஸ்டீரியோவில் ஒரே புள்ளியில்தான் நிற்கும். நடுவில் நிற்க வேண்டியவற்றை ஒன்றாகவும், ஓரத்துக்குப் போகிறவற்றைத் தனியாகவும் பிரித்துத் திட்டமிடுங்கள்.

சுருதிக்கு ஒரு எச்சரிக்கை. பிட்ச் குமிழ் முதல் நாளிலிருந்தே நடுவில் இருக்கட்டும். ஒரு அரைச்சுரம் என்பது ஏறத்தாழ 6 சதவீத வேக வித்தியாசம். குமிழ் சற்றே நகர்ந்த நிலையில் மூன்றைப் பதிந்து பவுன்ஸும் செய்துவிட்டு, பிறகு ஹார்மோனியத்தை எடுத்தால் அது சேரவே சேராது. கிதாரைத் திருகிச் சேர்க்கலாம், ஹார்மோனியத்தை என்ன செய்வது? சந்தேகம் இருந்தால் ஹார்மோனியத்தை முதலில் பதியுங்கள். பாட்டு தொடங்கும் முன் எண்ணும் ‘ஒன், டூ, த்ரீ’யும் பவுன்ஸில் இறங்கியிருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டால் அடுத்த வாத்தியக்காரர் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பார்.

இத்தனை பாடு எதற்கு, கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டால் என்ன என்று கேட்கலாம். மாற்றலாம், ஆனால் பின்னால் இருக்கும் நாலு டேப் அவுட்டையும் நாலு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். இரண்டிரண்டாக இரண்டு ஓட்டத்தில் எடுத்தால் டேப் இரண்டு முறையும் ஒரே வேகத்தில் ஓடாது. 0.1 சதவீதம் மாறினாலே நாலு நிமிடப் பாட்டின் கடைசியில் 240 மில்லி விநாடி தள்ளிப்போகும், தாளம் இரண்டாகக் கேட்கும்.

எஸ்டி கார்டில் பதியும் எட்டு, பதினாறு ட்ராக் கருவிகளுக்குப் போனவர்களுக்குப் பவுன்ஸில் தேய்மானம் கிடையாது, ஆனால் வேறு இரண்டு பள்ளம் உண்டு. மூன்று ட்ராக்கும் தனித்தனியே மைனஸ் 6 டெசிபலைத் தொட்டால், ஒரே கணத்தில் சேரும்போது பிளஸ் 3.5 வரை போகலாம். டேப் அதைக் கொஞ்சம் மென்மையாக்கித் தரும், டிஜிட்டல் வெட்டிவிடும். ஃபேடர்களை 4, 5 டெசிபல் இறக்கிக்கொண்டு தொடங்குங்கள். இரண்டாவது, இறங்குகிற ட்ராக்கில் முன்பு வைத்த ஈக்யூவும் (பேஸ், ட்ரெபிள் ஏற்ற இறக்கம்) ரிவெர்ப் (எதிரொலி) அளவும் அப்படியே இருந்தால், ஏற்கெனவே ஈக்யூவும் ரிவெர்ப்பும் சேர்ந்து இறங்கிய ஒலிக்கு மறுபடியும் அதே வேலை நடக்கும். பவுன்ஸ் முடிந்த கையோடு அந்த ட்ராக்கில் இரண்டையும் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டீரியோவாக இரண்டு ட்ராக்கில் இறக்கியிருந்தால் அவற்றின் பேனை இரு கோடிக்கும் தள்ளவும் வேண்டும்.

பழைய 424 வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு புது டைப் 2 கேசட் கொண்டுபோங்கள். கடற்கரை ஊர்களில் வைத்திருந்த கருவியாக இருந்தால் டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை விரலால் அழுத்திப் பாருங்கள், பளபளவென்று கல்லாக இறுகியிருந்தால் மாற்ற வேண்டியிருக்கும். பெல்ட் இளகிப் பிசுபிசுப்பாகி இருப்பது இந்த வயதில் எந்த டெக்கிலும் நடப்பதுதான். நாலு ட்ராக்கிலும் நீண்ட ஹார்மோனியச் சுரம் ஒன்றைப் பதிந்து கேளுங்கள். 1-உம் 4-உம் டேப்பின் விளிம்பில் ஓடுபவை, சத்தம் நடுநடுவே தடுமாறினால் அங்கேதான் முதலில் தெரியும். பிறகு 1, 2-ஐ 4-க்கு ஒரு பவுன்ஸ் செய்து, மூலத்தையும் நகலையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நகலில் சுரம் அலைந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். உச்ச ஒலி பாதிக்குமேல் காணாமல் போயிருந்தால் முதலில் ஹெட்டைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஹெட் தேய்ந்திருக்கிறது, விட்டுவிட்டு வந்துவிடலாம்.