கடைசிப் பேருந்தில் பத்தொன்பது ஆண்டுகள்: குன்னூர் – கோத்தகிரி வழியில் குடியும் பயணமும்

2006ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து வாரத்தில் ஆறு நாள் கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு வேலைக்குப் போய், இரவு கடைசிப் பேருந்திலோ அதற்கு முந்தைய பேருந்திலோ வீடு திரும்புகிறேன். தேயிலை ஏலத்தை ஒட்டிய தரகு அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை; ஏலத்தையொட்டிய நாட்களில் ஏழரை மணிக்கு முன்பு நாற்காலியை விட்டு எழ முடியாது. சுமார் இருபது கிலோமீட்டரில் முடிந்துவிடும் வழிதான் என்றாலும், வண்டிச்சோலை, எடப்பள்ளி, கட்டபெட்டு என்று ஊருக்கு ஊர் நின்று, வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏறிவர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் குடித்துவிட்டு வரும் சக பயணியோடு எப்படி ஊர் போய்ச் சேர்வது என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் அதிகமாக யோசித்த விஷயம் என்றால் மிகையில்லை. பேருந்தில் மதுவுக்குத் தடை என்பது இந்த மலையில் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதைப் பயணியாகப் பார்த்த அளவில் எழுதுகிறேன்.

முதலில், தடை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது மூன்று வெவ்வேறு காரியங்கள். குடித்துவிட்டு ஏறுவது ஒன்று. வண்டிக்குள் உட்கார்ந்து குடிப்பது இன்னொன்று. பாட்டிலை எடுத்துக்கொண்டு வருவது மூன்றாவது. டெல்லி மெட்ரோவில் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆள் மூடி உடைக்காத இரண்டு பாட்டில்களைக் கொண்டுபோகலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் உள்ளே குடிப்பதற்கான தடை நீடித்தது. லண்டனில் 2008 ஜூன் 1 முதல் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் குடிப்பதும் திறந்த பாட்டிலோடு வருவதும் கூடாது என்றார்கள். எங்கள் மாலை வண்டியில் இந்த இரண்டுமே பெரிய தொல்லையில்லை. பையில் மூடிய பாட்டில் இருப்பது யாருக்கும் தெரியப்போவதில்லை; வண்டிக்குள் குடிப்பவர்கள் பெரும்பாலும் பருவ காலத்தில் வரும் வெளியூர் இளைஞர்கள்தான். கடைசி இருக்கையில் குளிர்பானத்தோடு கலந்து கைமாற்றிக்கொள்வார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கே தடை இருக்கிற மாவட்டத்தில் அப்படியொரு பாட்டிலைப் பயபக்தியோடு மடியில் வைத்திருந்தால் நடத்துநருக்கு உடனே புரிந்துவிடும். அதட்டினால் பாட்டில் பைக்குள் போய்விடும், பெரும்பாலும் அத்தோடு முடியும். எங்களுக்கு உண்மையான பிரச்சினை முதல் வகை: கூலி வாங்கிய சனிக்கிழமை மாலையில், குடித்துவிட்டு, வீட்டுக்குப் போக வேறு வழியில்லாமல் ஏறுகிற உள்ளூர் மனிதர்.

சட்டத்தைப் பொறுத்தவரை அவருக்கு எதிராகப் போதிய ஆயுதம் இருக்கிறது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937இல் பிறந்தது. மதுவிலக்கு போய், வந்து, மறுபடியும் போய், 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிற இந்தக் காலத்திலும் அந்தச் சட்டம் உயிரோடிருக்கிறது. பொது இடத்தில் போதையோடு காணப்படுவது அதன் 4-ஏ பிரிவின்படி குற்றம். ரயிலென்றால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆவது பிரிவின் கீழ் போதையில் இருப்பவரை இறக்கிவிடலாம், பயணச்சீட்டும் பறிபோகும். பேருந்துக்கும், விதியை மீறும் பயணியை ஓட்டுநரோ நடத்துநரோ இறக்கிவிட வகைசெய்யும் விதிகளை மாநிலம் வகுக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் இடம் தந்திருக்கிறது. ஓட்டுநருக்கு நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் என்று ஓர் அளவு உண்டு. ஊதச் சொல்லிப் பார்க்கக் கருவி உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் உண்டு. பயணிக்கு அளவும் கிடையாது, கருவியும் கிடையாது. நடத்துநரின் மூக்குதான் கருவி, அவருடைய பொறுமைதான் அளவு.

சமவெளியில் இது ஒருவாறு நடந்துவிடும். ஆளை இறக்கிவிட்டால் எதிரே ஒரு டீக்கடை, பின்னால் இன்னொரு வண்டி, அதற்கும் பின்னால் ஷேர் ஆட்டோ. மலையில் இரவு எட்டரை மணிக்கு ஒருவரை இறக்கிவிடுவது என்றால் எங்கே இறக்கிவிடுவது? ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், மறுபக்கம் சோலை, நடுவில் பனிமூட்டம், பின்னால் வர வேறு வண்டியில்லை. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நவம்பர் மாத மழையில்.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்ததால் ஜன்னல் ஷட்டர்களெல்லாம் இறக்கப்பட்டு, ஈரக் கம்பளி, டீசல், மல்லிகைப்பூ எல்லாம் கலந்த ஒரு புழுக்கம் வண்டிக்குள் நின்றது. குன்னூரிலேயே தள்ளாடி ஏறிய நடுவயது மனிதர் ஒருவர், கைக்குழந்தையோடு இருந்த பெண்ணின் இருக்கைமீது இரண்டு முறை சாய்ந்தார். மூன்றாவது முறை சாய்ந்தபோது, நான்தான் எழுந்து நின்று, "இவரை இறக்கிவிடுங்க, நாங்கெல்லாம் காசு குடுத்துத்தானே வர்றோம்" என்று சத்தம் போட்டேன். அவரும் விடவில்லை: "நானும் காசு குடுத்துத்தான்யா வர்றேன், நீ யாரு என்னை இறக்கறதுக்கு?" நான்கைந்து பேர் எனக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். நடத்துநர் விசிலை ஊதினார். எடப்பள்ளியைத் தாண்டி ஒரு வளைவில் வண்டி நின்றது. அப்போது முன் இருக்கையிலிருந்த ஒரு மூதாட்டி திரும்பிப் பார்க்காமலேயே, "காட்டெருமை நிக்கற எடம் தம்பி இது. காலையில இந்த ஆளோட பொஞ்சாதி வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? நீயா சொல்லுவே?" என்றார். என்னைத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நடத்துநர் அந்த மனிதரைத் தோளைப் பிடித்து, "அண்ணா, முன்னாடி வாங்க" என்று கூட்டிப்போய், தன் பக்கத்திலிருந்த ஒற்றை இருக்கையில் உட்காரவைத்து, கட்டபெட்டு வந்ததும் தெரிந்தவர் ஒருவரிடம் ஒப்படைத்தார். கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும்தான். அவர் குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு கடைசிவரை நின்றபடியே வந்தார்.

அந்த இரவிலிருந்து, வழியில் இறக்கிவிடு என்று நான் கேட்பதில்லை. தடை என்ற ஒன்று மலைப் பேருந்தில் செல்லுபடியாகிற இடம் படிக்கட்டு மட்டுமே என்பது என் முடிவு. பேருந்து நிலையத்தில், வண்டி கிளம்புவதற்கு முன்பு, ஏறுகிறவரின் நடையைப் பார்த்து, "அடுத்த வண்டில வாங்கண்ணா, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க" என்று தடுத்துவிட்டால் அதில் எல்லோருக்கும் நன்மை உண்டு. நிலையத்தில் வெளிச்சம் இருக்கிறது, காவலர் இருக்கிறார், அடுத்த வண்டி இருக்கிறது. முதல் வளைவைத் தாண்டிவிட்டால் அவர் எங்கள் பொறுப்பு. ஆனால் கடைசி வண்டிக்கு அடுத்த வண்டி கிடையாது என்பதால், அந்த ஒரு வண்டிக்கு மட்டும் இந்த வழியும் அடைபட்டுப்போகிறது. கடைசி வண்டியில் முன்பக்க ஒற்றை இருக்கைதான் தீர்வு. நான் பார்த்த நல்ல நடத்துநர்கள் எல்லோரும் யாரும் சொல்லித்தராமலேயே அந்த இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

நடத்துநர்கள்மீது எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்ல முடியாது. சிலர் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள், தகராறு வந்தபிறகு "நீங்கதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்" என்பார்கள். அட்ஜஸ்ட் செய்யவேண்டியவர் எப்போதும் பெண்ணாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன். 2024ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணத்தை மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தியதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மாலை வண்டிகளில் பெண்கள் கூட்டம் கூடியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டமாக இருக்கிற பெண்கள் அட்ஜஸ்ட் செய்வதில்லை. ஒருவர்மீது கை பட்டால் ஆறு பேர் கேட்கிறார்கள். எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாத வேலையை இது செய்திருக்கிறது.

இடையில் கடைகளே இடம் மாறியதும் எங்கள் பயணத்தை மாற்றியது. நெடுஞ்சாலையிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்னது. சிறிய ஊர்களுக்கு அந்தத் தூரத்தைப் பின்னர் இருநூற்று இருபது மீட்டராகக் குறைத்தது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது வண்டியில் குடி குறையும் என்று நம்பினேன். குறையவில்லை, ஏறுகிற நிறுத்தம்தான் மாறியது. முன்பு நிலையத்தில், எல்லோர் கண்முன்னும் ஏறியவர்கள், இருட்டிய வழி நிறுத்தங்களில் கைகாட்டி ஏற ஆரம்பித்தார்கள். படிக்கட்டில் ஆளைப் பார்க்க நடத்துநருக்கு அங்கே கால் நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

உருப்படியாக மாறியது ஒன்று உண்டு, அது மதுவைப் பற்றியதே அல்ல, பாட்டிலைப் பற்றியது. முன்பெல்லாம் கடைசி இருக்கையின் அடியில் விடப்பட்ட காலி குவார்ட்டர் பாட்டில் ஒன்று வழி முழுவதும் எங்களோடு பயணம் செய்யும். ஏற்றத்தில் பின்பக்கத் தகரத்தில் மோதிக் கிடக்கும். இறக்கம் வந்ததும் கடகடவென்று உருண்டு முன்னால் வரும். வளைவில் ஒருக்களித்து யாருடைய செருப்பிலாவது முட்டி நிற்கும். யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள், எடுத்தால் தன்னுடையது என்று ஆகிவிடுமே என்ற பயம். ஜன்னல் வழியே எறியப்பட்டவை தேயிலைக்குள்ளும் காட்டுக்குள்ளும் உடைந்து கிடந்து, யானையின் காலைக்கூடக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு எங்கள் வண்டியில் பாட்டில் உருளும் சத்தத்தை நான் கேட்டதாக நினைவில்லை. எவ்வளவு போதையிலும் பத்து ரூபாயை மறக்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்குகிறார்கள். அபராதத்துக்கு அசையாதவர்கள் பத்து ரூபாய்க்கு அசைந்தது எனக்கு இன்றைக்கும் வேடிக்கைதான்.

வாந்தியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். மலைப் பேருந்தில் வாந்தி எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் ஒரு சொட்டும் தொடாதவர்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வரும் சமவெளிக் குடும்பங்கள். ஆகவே ஜன்னலில் தலைநீட்டுகிற எவரையும் குடிகாரர் என்று நினைக்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒருமுறை அப்படி நினைத்து நான் முகம் சுளித்த ஒருவர், கட்டபெட்டில் இறங்கும்போது எனக்குக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்; மருத்துவமனையிலிருந்து திரும்புகிறவர்.

இப்போது எங்கள் வழியில் ஓர் இளைஞர் நடத்துநராக வந்திருக்கிறார். நிலையத்தில் வண்டி நிற்கும் பத்து நிமிடமும் உள்ளே உட்காராமல் படிக்கட்டிலேயே நின்று, ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "எங்கண்ணா போகணும்?", "எங்கக்கா?" என்று கேட்கிறார். ஊரைத் தெரிந்துகொள்வதற்கல்ல, பதில் சொல்லும்போது வருகிற மூச்சுக்காக என்பது இரண்டாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. சென்ற மாதம் என் பையிலிருந்து எட்டிப்பார்த்த ஃபிளாஸ்க்கைக் காட்டி, "இதுல என்னங்க சார்?" என்றார். மூடியைத் திறந்து நீட்டினேன். குனிந்து முகர்ந்து, "சர்க்கரை போடலையா?" என்று கேட்டுவிட்டு, கருவியிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார்.