துரு எடுக்க கிரைண்டரா, பிளாஸ்டிங்கா, ஆசிடா? பழைய டிராக்டர் கருவிகளுக்கு எது சரிப்படும்

பழைய ஒன்பது கொழுக் கலப்பையையோ ரோட்டாவேட்டரையோ பட்டறைக்குக் கொண்டுபோனால், என்ன கலர் அடிக்கலாம் என்பதில்தான் பேச்சு தொடங்கும். பளபளவென்று அடித்தும் கொடுத்துவிடுவார்கள். அடுத்த ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் வெல்டிங் ஓரங்களில் பெயிண்ட் கொப்பளித்து உரியத் தொடங்கிவிடும். குறை பெரும்பாலும் பெயிண்டில் இல்லை, அடியில் விட்டுவைத்த துருவில் இருக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடச் சில மடங்கு இடத்தை அடைக்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் உள்ளே இருந்து தள்ளிவிடும். அதனால் கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைத் துரு எடுப்பதிலும் பிரைமர் என்னும் அடிப்பூச்சிலும் போடுங்கள், மேல்பூச்சுக்கு மிச்சம் போதும் என்பதுதான் என் கட்சி.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பது. நம் ஊரில் அறுவடை முடிந்ததும் கழிவு ஆயிலைப் பூசி நிறுத்தும் பழக்கம் உண்டு. அந்தப் பிசுக்கோடு கிரைண்டரை வைத்தால் எண்ணெய் துருக் குழிகளுக்குள் அப்பிக்கொள்ளும், பிறகு எந்த பிரைமரும் ஒட்டாது. சோப்புத் தூளும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, கிரைண்டருக்கு வருவோம். நாலு இஞ்ச் கிரைண்டரும் கப் பிரஷ்ஷும் எல்லா ஊரிலும் கிடைக்கும், வீட்டுக் கரண்டிலேயே ஓடும். கலப்பையின் ஃபிரேம், லெவலர் பிளேடு, டிரைலர் சேஸிஸ் போன்ற தட்டையான, கனமான இரும்புக்கு இது போதும். ஆனால் ஒரு கோளாறு உண்டு. கம்பி பிரஷ் குழிக்குள் இருக்கும் துருவை எடுக்காமல் மேலே மெருகேற்றிவிடும். பார்வைக்கு வெள்ளி மாதிரி மின்னும், அடியில் துரு அப்படியே இருக்கும். வழுவழுப்பான பரப்பில் பெயிண்ட்டும் சரியாகப் பிடிக்காது. பிரஷ் ஓட்டிய பிறகு 60 அல்லது 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கால் (உப்புத்தாள் மடிப்புகள் ஒட்டிய வட்டு) ஒருமுறை தேய்த்தால்தான் பிடிப்பு வரும். ஆங்கிளின் உள்மூலை, ஸ்பிரிங்குக்குள், கிளாம்புக்கு அடியில் எல்லாம் கிரைண்டர் நுழையாது. கையால் சுரண்டத்தான் வேண்டும்.

அப்புறம் பாதுகாப்பு. சிறிய கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. பிரஷ்ஷில் அச்சிட்டிருக்கும் வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அதிலிருந்து பிய்ந்து பறக்கும் கம்பி ஊசி கண்ணைக் குத்தும் என்பதால் முகம் முழுக்க மறைக்கும் கவசம் வேண்டும். தோளில் தொங்கும் துண்டு, லூசான லுங்கி இரண்டும் கூடாது.

சாண்ட் பிளாஸ்டிங் இதற்கு நேர் எதிர். காற்றழுத்தத்தில் மணி மணியான துகளை வீசி அடிப்பதால் குழி, மூலை, வெல்டிங் இடுக்கு எதுவும் தப்பாது. இரும்பின் மேல் மெல்லிய சொரசொரப்பும் உண்டாகும், பிரைமர் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உலகத் தர அளவுகோலில் இந்த அளவு சுத்தத்தை எஸ்ஏ 2½ என்பார்கள். கிரைண்டரால் எவ்வளவு முயன்றாலும் கையாலும் மெஷினாலும் தேய்ப்பதற்கான எஸ்டி 3 என்ற படியைத் தாண்ட முடியாது. கோவை, ஓசூர் போன்ற ஊர்களில் இதற்கென்று தனிப் பட்டறைகள் உண்டு. உள்ளூரில் இல்லையென்றால் ஏற்றிப்போகும் வண்டிச் செலவே பெரிதாகிவிடும்.

இங்கே பட்டறைக்காரரிடம் சில விஷயங்களைக் கறாராகக் கேட்க வேண்டும். எந்தத் துகளால் அடிக்கிறீர்கள்? ஆற்று மணல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தூசியில் இருக்கும் சிலிக்கா, அடிக்கிற தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயைக் கொண்டுவருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நம் கலப்பைக்காக இன்னொருவரின் மூச்சைப் பணயம் வைக்கலாகாது. காப்பர் ஸ்லாக், கார்னெட், ஸ்டீல் கிரிட் எதையாவது கேளுங்கள். அடுத்தது, ரோட்டாவேட்டர் என்றால் கியர் பாக்ஸ், பேரிங், சீல் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுங்கள், முடியாததை நன்றாக மூடிக் கட்டுங்கள். ஒரு சிட்டிகைத் துகள் உள்ளே போனாலும் பேரிங் போய்விடும். விதைப்பெட்டி போன்ற மெல்லிய தகடுகள் அதிக அழுத்தத்தில் நெளிந்துவிடும் என்பதையும் சொல்லிவையுங்கள். அடித்து முடித்த இரும்பு அன்றைக்கே மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கும். சுமார் நான்கு மணி நேரத்துக்குள், அங்கேயே முதல் பிரைமர் பூசி வாங்கி வருவதுதான் புத்திசாலித்தனம்.

பாத்ரூம் ஆசிட் வேண்டாம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாத்ரூம் கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சீக்கிரம் துருவைக் கரைக்கும், ஆனால் குளோரைடு உப்பு வெல்டிங் இடுக்கில் தங்கி மாதக்கணக்கில் அரித்துக்கொண்டே இருக்கும். அதன் ஆவியில் பக்கத்தில் கிடக்கும் ஸ்பானர்கூடத் துருப்பிடிக்கும். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் வேறு ரகம். அது மிச்சத் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். கிரைண்டர் நுழையாத குழிகளுக்கு இது நல்ல துணை. எப்பாக்ஸி பிரைமர் அடிப்பதாக இருந்தால் மட்டும், கன்வெர்ட்டர் காய்ந்ததும் கழுவி, உலர்த்தி, லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

பின், டாப் லிங்க், யு கிளாம்ப் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு மின்பகுப்பு அருமையான முறை. பிளாஸ்டிக் டிரம்மில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், ஒரு பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் முனை துருப்பிடித்த சாமானுக்கு, பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. அந்தத் துண்டு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடாதீர்கள், குளோரின் வாயு வரும். இதில் ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் பீடி, தீப்பெட்டி ஆகாது. கலப்பை ஸ்பிரிங்கை இதில் போட வேண்டாம். ஹைட்ரஜன் ஏறிய ஸ்பிரிங் எஃகு நொறுங்கும் தன்மை அடையும். மொலாசஸில் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) ஊறப்போடும் முறையும் உண்டு, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். இரும்பையும் கொஞ்சம் தின்னும் என்றாலும் மென்மையான முறைதான். வாரக்கணக்கில் ஆகும், நாற்றமும் சொல்லி மாளாது.

பிரைமரில் போட்டி ரெட் ஆக்ஸைடுக்கும் எப்பாக்ஸிக்கும். சாதாரண ரெட் ஆக்ஸைடு மலிவு, கிரைண்டரில் தேய்த்த பரப்போடும் ஒத்துப்போகும், ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். அதை மட்டும் பூசி மேல்பூச்சில்லாமல் மாதக்கணக்கில் நிறுத்துவது வீண். ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் கொஞ்சம் விலை கூடினாலும் துருவைத் தடுக்கும் சக்தி அதிகம். எப்பாக்ஸி இரண்டு டப்பாவாக வரும், கலந்தால் சில மணி நேரத்தில் கெட்டிப்பட்டுவிடும். வெயிலில் மாவாக உதிரும் என்பதால் மேல்பூச்சு கட்டாயம். சுத்தமாக பிளாஸ்டிங் செய்த இரும்பில்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். அரைகுறையாகத் தேய்த்த கலப்பைக்கு எப்பாக்ஸி வாங்குவது காசுக்குக் கேடு.

எப்பாக்ஸிக்குச் செலவு செய்தே ஆக வேண்டிய கருவி ஒன்று உண்டு. விதையோடு உரமும் போடும் டிரில். நாம் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு குளோரைடுதான். ஈரக்காற்றில் அது கசிந்து தகட்டை ஓட்டை போட்டுவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் கருவிகளுக்கும் இதே யோசனைதான்.

மேல்பூச்சில் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்டைவிட சாதாரண சிந்தெடிக் எனாமலையே நான் பரிந்துரைப்பேன். பியூ பளபளப்பும் ஆயுளும் கூடுதல், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஸ்பிரே செய்யும்போது ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, துணி முகமூடி அதற்கு எந்த மூலைக்கும் காணாது. கலப்பை எப்படியும் கல்லில் உரசும். எனாமல் என்றால் உரசிய இடத்தை அடுத்த கோடையில் பிரஷ்ஷால் நாமே தொட்டுவிடலாம். பிரைமரை பிரஷ்ஷால் அழுத்திப் பூசுங்கள், குழிக்குள் இறங்கும். எனாமலை ஸ்பிரேயாகவும் அடிக்கலாம், மெல்லியதாக இரண்டு கோட்.

பழைய பெயிண்ட்டைத் தேய்க்கும்போது ஈயத்தை மறந்துவிடக் கூடாது. 2016 விதிகள் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குக் கட்டுப்படுத்தியது வீட்டுப் பெயிண்ட்டுகளுக்குத்தான். பழைய கருவிகளின் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், பிள்ளைகளும் மாடுகளும் இருக்கும் பக்கம் தூசி பறக்க வேண்டாம்.

கொழுவுக்கும் சட்டிக் கலப்பையின் சட்டிக்கும் பெயிண்ட் வேண்டியதில்லை, முதல் உழவிலேயே தேய்ந்துவிடும். அவற்றுக்கு எண்ணெய் அல்லது கிரீஸ் தடவினால் போதும். கிரீஸ் நிப்பிள், போல்ட் மரை, சீரியல் நம்பர் தகடு மூன்றையும் டேப் ஒட்டி மறைத்த பிறகு அடியுங்கள். நாள் பார்ப்பதானால் சம்பா அறுவடை முடிந்து கோடை உழவு தொடங்கும் முன், மாசி, பங்குனி மாதங்கள். பனி உலர்ந்த காலை நேரத்தில் பூசுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் இரும்பில் பூசினால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் நின்றுவிடும். மாட்டுவதற்கு முன் ஒரு வாரமாவது காயட்டும், அதுவரை மண் தரையில் வைக்காமல் நாலு செங்கல்லோ பலகையோ கொடுத்துத் தூக்கி வையுங்கள்.