கொழிஞ்சாம்பாறை ஆக்ரிக்கடை: வாங்கி விற்பவருக்கான மதிப்புரை

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில், கொழிஞ்சாம்பாறைக்குச் சற்று முன்னால் தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு ஒன்று இருக்கிறது. பலகையில் மலையாளத்திலும் தமிழிலும் ‘பழைய சாமான்கள்’ என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்காது. ஊராருக்கு அது ஆக்ரிக்கடை. வேலந்தாவளத்திலிருந்து ஸ்கூட்டரில் போய், இரண்டு ஆண்டுகளாக அங்கே பொருள் எடுத்து இணையத்தில் விற்றுவருகிறேன். வீட்டுக்கு மேசை நாற்காலி தேடுபவருக்காக நான் இதை எழுதவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நாலு நல்ல பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வர விரும்புபவருக்காக எழுதுகிறேன்.

சித்தூர், கொல்லங்கோடு, பாலக்காடு பக்கங்களில் பழைய வீடுகளை இடிக்கும்போதோ, பிள்ளைகள் வெளியூரில் தங்கிவிட்டதால் வீட்டை ஒழிக்கும்போதோ வெளியே வரும் சாமான்கள்தான் இங்கே சேர்கின்றன. வியாழன் மாலை வண்டி வந்து இறங்கும். வெள்ளி காலை ஒன்பது மணிக்கு முன் போய்விட்டால், கோயம்புத்தூரிலிருந்து வரும் பாத்திர வியாபாரிகளுக்கு முந்திக்கொள்ளலாம். முன்பகுதியில் இரும்பு பீரோக்களும் கட்டில்களும், நடுவில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களும், கடைசியில் சுவரோரமாக மின்சாதனக் குவியலும் கிடக்கும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் பாத்திரங்கள் முன்னால்தான் நின்றுவிடுகிறார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் நின்றேன்.

அது தவறு என்பதற்குக் காரணம் எளிமையானது. பாத்திரத்தைக் கடைக்காரர் தராசில் வைத்து அன்றைய உலோக விலைக்குத்தான் தருவார். அவருக்கு அதன் மதிப்பு ரூபாய்க் கணக்கில் துல்லியமாகத் தெரியும். மின்சாதனக் குவியலுக்கோ பார்வைதான் விலை. வேலை செய்யுமா என்று பார்க்க அவருக்கு நேரமில்லாததால், ஒரு பெட்டி என்றால் ஒரே விலை சொல்லிவிடுகிறார். எனவே உள்ளே நுழைந்ததும் நேராகப் பின்சுவருக்குப் போய்விட வேண்டும்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் 1980களில் கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்கள் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டிகள்) இங்கே அடிக்கடி கிடைக்கின்றன. அவற்றைப் பார்ப்பதற்கு எனக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் போதும். முதலில் பேட்டரி அறையைத் திறப்பேன். கம்பிச் சுருள்களில் பச்சை பூத்திருந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அப்படியே கீழே வைத்துவிடுவேன். பிறகு பையில் எப்போதும் வைத்திருக்கும் பெரிய டார்ச் பேட்டரிகளைப் போட்டு ரேடியோவைக் கேட்பேன். ரேடியோ பாடி, கேசட் மட்டும் சுற்றாவிட்டால் அது எனக்கு நல்ல சேதிதான். பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் தார்போல் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும், அதைச் சுரண்டித் துடைத்துப் புது பெல்ட் மாட்டினால் வேலை முடிந்தது. கடைசியாக எடுத்த பெட்டி 700 ரூபாய். பெல்ட்டும் துடைக்கிற திரவமும் 200, கூரியர் 260, சென்னைக்காரர் ஒருவருக்கு விற்றது 2,400.

அதே வெள்ளிக்கிழமை ஒரு பித்தளை உருளியும் எடுத்தேன். நாலு கிலோ, கிலோ 550 என்று 2,200 ரூபாய். விற்றது 3,400. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. வாயகன்ற உருளிக்கு 50, 50, 20 அளவில் பெட்டி கட்ட வேண்டியிருந்ததால், நாலு கிலோப் பொருள் பத்துக் கிலோவாகிவிட்டது. கூரியருக்கு 750, பெட்டிக்கும் பஞ்சுக்கும் 150 போக, கையில் நின்றது 300 ரூபாய். அன்றிலிருந்து கைக்கு அடங்குகிற அளவுக்கு மேல் எந்தப் பாத்திரத்தையும் எடுப்பதில்லை.

சின்னப் பாத்திரங்களை எடுப்பவர்களுக்கு மட்டும் இரண்டு சொல். சாவிக்கொத்தில் ஒரு காந்தம் இருக்கட்டும். பித்தளை முலாம் பூசிய இரும்பு விளக்குகள் அதில் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். வெண்கலத்தை விரலால் தூக்கிப் பிடித்துச் சுண்டினால் ஓசை நீண்டு போக வேண்டும், விரிசல் இருந்தால் உடனே அடங்கிவிடும். புள்ளி புள்ளியாக மலையாள எழுத்தில் பெயர் வெட்டிய செம்புகளைச் சில வாடிக்கையாளர்கள் தேடியே வாங்குகிறார்கள், எனவே அந்தப் பெயரைத் தேய்த்து அழிக்கக் கூடாது. இந்த விஷயத்தில் கடைக்காரரின் நேர்மையையும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு கிண்டியை (மூக்கு வைத்த செம்பை) திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “அது வேண்டாம் கண்ணு, அடியில பத்த வெச்சிருக்குது, தண்ணி நிக்காது” என்று அவரே வாங்கி ஓரம் வைத்துவிட்டார்.

கேமரா விஷயத்தில் அந்த நேர்மையை எதிர்பார்க்க முடியாது. தெரிந்து ஏமாற்றுகிறார்கள் என்றில்லை, அவர்களுக்கே தெரியவில்லை. கடைப் பையன் “ஓடுதுங்க” என்று சொன்னதை நம்பி 1,500 ரூபாய்க்கு ஒரு ஜப்பான் கேமராவை எடுத்து வந்து, வீட்டில் லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிலந்திவலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. திருப்பி எடுப்பது இந்தக் கடையில் வழக்கமே இல்லை. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 மட்டும் நம்பி எடுக்கலாம். உள்ளே கெட்டுப்போக அதிகம் எதுவுமில்லை, அது கேட்கும் 120 ஃபிலிம் இன்றும் கிடைக்கிறது.

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்து இழுப்பறையில் எச்.எம்.டி. கடிகாரங்கள் கிடக்கும். சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைக் கடிகாரங்களுக்கு, 2016இல் மூடுவிழா நடந்த பிறகு சேகரிப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களோடு போலி முகப்புகளும் பெருகிவிட்டன. எச்.எம்.டி.யின் ஜனதா என்ற மாடலில் எழுத்துகள் மங்கலாக, ஆரஞ்சு, கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் முகப்பு இருந்தால், அது பிற்பாடு அடித்த வண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த இழுப்பறையில் பாதிக்கு மேல் அந்த ரகம்தான்.

விலை பார்ப்பதற்குக் கைபேசியை நம்பிப் போகிறவர்கள் தகரக் கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காமல் திண்டாடுவார்கள். படமெடுத்துக்கொண்டு வெளியே புளியமரத்தடிக்கு வந்து தேட வேண்டும். தேடும்போதும், விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காமல், இபே (eBay) இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்ப்பதுதான் சரி. ஒரே மாதிரிப் பெட்டி 12,000 என்று ஓராண்டாகக் கிடக்கும், அதற்கு அடியிலேயே இன்னொன்று 3,000க்குப் போயிருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமுள்ளவர்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஓலைச்சுவடி போன்ற கையெழுத்துப் படிகளில் மதிப்புடையவற்றுக்கு 75 ஆண்டே எல்லை. கோயில் விளக்குபோல் தோன்றும் எதையும், கடைக்காரர் எந்த வீட்டுப் பெயரைச் சொன்னாலும் நான் தொடுவதில்லை.

பில் கேட்டு வாங்குவது இங்கே தனி வேலை. பழைய காலண்டர்த் தாளின் பின்புறம் ‘சாமான் 4’ என்று எழுதி நீட்டுவார்கள். ஜி.எஸ்.டி. வந்த 2017க்குப் பிறகு மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடி இல்லையென்றாலும், ஸ்கூட்டரில் உருளியும் விளக்குமாகப் போகிறவனைப் போலீஸ்காரர் நிறுத்துவது இயல்பு. ஒவ்வொரு பொருளையும் எடையோடு தனித்தனியாக எழுதி, கையெழுத்தும் கைபேசி எண்ணும் போட்டுத் தரச் சொல்லி நின்றால் தருகிறார்கள். முகம் சுளிப்பதில்லை, தாமதம்தான்.

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பின்சுவர்ப் பக்கம் கூரை ஒழுகுகிறது. மின்சாதனங்களின் மேல் தார்ப்பாயைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். பலமுறை சொல்லியும் அந்தக் கூரையை மாற்றவில்லை. ஆகவே ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்தக் குவியலிலிருந்து நான் எதையும் எடுப்பதில்லை. ஊறுகாய் போடும் சின்னப் பீங்கான் பரணிகளை மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்.