மூலைக்கு இரண்டு தடவை காசு: ஊரில் மாடுலர் கிச்சன் போடும் கணக்கு

திருச்சியில் மாடுலர் கிச்சனுக்கு, அதாவது தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து பொருத்தும் சமையலறைக்கு, கொட்டேஷன் கேட்டால் முதலில் வருவது டேப். "எல்" வடிவச் சமையலறை, ஒரு சுவர் 10 அடி, அடுத்தது 8 அடி. டேப் பிடித்தவர் இரண்டையும் கூட்டி 18 என்று எழுதிக்கொள்கிறார். மேடையின் அகலம் 2 அடி. ஆக, மூலையில் இருக்கும் 2 அடிச் சதுரம் இந்தச் சுவர்க் கணக்கிலும் ஏறுகிறது, அந்தச் சுவர்க் கணக்கிலும் ஏறுகிறது. செய்யப்போகும் பெட்டிகளின் நீளம் 16 அடிதான்.

இரண்டடிதானே என்று விட்டுவிட முடியாது. கீழ்ப்பெட்டியின் உயரம் 33 அங்குலம், அதாவது 2.75 அடி. 18 அடி என்றால் 49.5 சதுர அடி. 16 அடி என்றால் 44. சதுர அடிக்கு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் மட்டும் 8,800 ரூபாய். மேலே போனால் இதே கதை. சுவர்ப்பெட்டி 1 அடி ஆழம், 2 அடி உயரம்: மூலையில் 2 சதுர அடி கூடுதல், 3,200 ரூபாய். அதற்கும் மேலே லாஃப்ட், அதாவது பரண், 2 அடி ஆழம், 2 அடி உயரம்: 4 சதுர அடி கூடுதல், அதற்கு 900 ரூபாய் வீதம் போட்டாலும் 3,600. மொத்தம் 15,600. பில் கேட்டால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 18,408. இல்லாத பலகைக்கு வரியும் கட்டுகிறோம்!

இதைக் கேட்டால் வரும் பதில்: "மூலையிலதான் சார் வேலை ஜாஸ்தி." வேலை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மூலைப்பெட்டிக்குள் கை எட்டாது. எட்ட வைக்கும் மேஜிக் கார்னர் என்ற இழுவைத் தட்டுக்குத் தனி விலை. கதவும் அங்கே ஒன்றரை அடிக்கு மேல் வராது, மீதி வெறும் மூடுபலகை. முகப்பை வைத்துத்தான் சதுர அடி கணக்கு என்றால், கண்ணுக்குத் தெரியும் முகப்பு 8 அடியும் 6 அடியும் சேர்த்து வெறும் 14 அடி. எந்த முறையில் அளந்தாலும் 18 வராது. வந்த கொட்டேஷன்கள் எல்லாவற்றிலும் 18 இருந்தது என்பதுதான் எரிச்சல்.

இங்கிலாந்தில் இந்தச் சண்டைக்கே இடம் கிடையாது. அங்கே பெட்டிக்குப் பெட்டி விலை. மூலைப்பெட்டி பட்டியலில் ஒரே ஒரு வரி. 300, 400, 500, 600 மில்லிமீட்டர் என்று அகலம் முன்பே முடிவானது. 720 உயரப் பெட்டி, 150 கால், 40 மேல்பலகை, ஆக 910. அட்டைப்பெட்டியில் வரும் பலகைகளை வீட்டுக்காரரே பூட்டிவிடலாம். எரிவாயு இணைப்புக்கு மட்டும் 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரைக் கூப்பிட்டாக வேண்டும். ஃபிட்டர் வைத்தால் அவர் கூலி தனிச்சீட்டில் வரும், அதுவும் பலகை விலையை எட்டும் அளவுக்கு. நம் ஊரில் கூலி மலிவு. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் தெரியாது.

சதுர அடி விலைக்குள் இருப்பது இவ்வளவே: பெட்டி, நடுவில் ஒரு தட்டு, கதவு, சாதாரண ஆட்டோ ஹிஞ்ச் (கீல்), கைப்பிடி. டேன்டம் வகை இழுப்பறை (டிராயர்), பாஸ்கெட், தட்டு ஸ்டாண்டு, மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் எல்லாம் தனி. மூன்று டிராயர் வைத்த இடத்தில் தட்டும் இல்லை, ஹிஞ்சும் இல்லை. இருந்தும் சதுர அடியில் ஒரு பைசா குறையாது. சிங்க் பெட்டிக்கு முதுகுப்பலகை கிடையாது, சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பலகையே கிடையாது. இரண்டுக்கும் முழு விலை. ஆகவே கொட்டேஷனைப் பெட்டிவாரியாகப் பிரித்துத் தரச் சொல்ல வேண்டும். தர மறுக்கிற கடையில் பேரம் பேசிப் பிரயோஜனமில்லை.

சிலிண்டர் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், வெளிநாட்டு அளவுகளைப் பார்த்து வரைகிறவர்கள் தவறுவது இங்கேதான். 14.2 கிலோ சிலிண்டர் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் உயரம், அதன் மேல் ரெகுலேட்டர். 34 அங்குல மேடையில் கிரானைட், அதன் அடிப்பலகை, கீழே 4 அங்குல ஸ்கர்டிங் (தரையோரப் பட்டை) எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 72 சென்டிமீட்டர் சொச்சம். சக்கர டிராலி வைத்தால் ரெகுலேட்டரைத் திருகக் கை நுழையாது. அந்தப் பெட்டிக்கு மட்டும் அடிப்பலகையும் ஸ்கர்டிங்கும் இல்லாமல் சிலிண்டரைத் தரையில் நிறுத்துவதே சரி. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளை கட்டாயம். மேல்பக்கம் மட்டும் துளை போட்டுவிட்டு "வென்டிலேஷன் கொடுத்தாச்சு" என்பார்கள், நம்பக்கூடாது.

பலகை. இங்கிலாந்தில் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டிலேயே காலம் தள்ளலாம், யாரும் சமையலறையில் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. நம் வீட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் ஊற்றுவார்கள், ஊற்றத்தான் வேண்டும். பார்ட்டிக்கிள் போர்டும், அதே மாதிரி மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப்பும் அடியில் ஊதிப்போகும். கீழ்ப்பெட்டி முழுக்க ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட், 4 அங்குல பிவிசி கால் மேல். கடையில் "மரைன்" என்று வாயால் சொன்னால் போதாது. பலகையில் ஐஎஸ்ஐ குறியும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெந்நீரில் 72 மணி நேரம் கொதித்தும் ஒட்டு விடாத பிளைவுட்டுக்கான தரம் அது. மேல்பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை, இட்லிப் பானைக்கு நேர் மேலே வரும் பெட்டியைத் தவிர.

கூடை, ஸ்டாண்டு வாங்கும்போது தரம் பார்க்கக் காந்தத்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அது பயன்படாது: எவர்சில்வரில் நல்ல தரமான 304-இலும் காந்தம் ஒட்டாது, மலிவான 202-இலும் அனேகமாக ஒட்டாது. போர்வெல் உப்புத் தண்ணீர் படும் தட்டு ஸ்டாண்டு 202-ஆக இருந்தால் வெல்டிங் முனையில் துரு தொடங்கும். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

நாமே செய்வது என்றால் நம் ஊரில் அர்த்தம் வேறு: பொருளை நாம் வாங்கி, ஆசாரிக்குக் கூலி. மேலே சொன்ன "எல்" வடிவத்துக்கு, மேல்பெட்டி 12 அடி என்று வைத்தால், 8க்கு 4 அளவில் 18 மில்லிமீட்டர் பலகை 10, முதுகுக்கு 6 மில்லிமீட்டர் பலகை 3. சேதாரம் இதற்குள் அடங்கிவிடும். லாஃப்ட் கதவுக்குத் தனி. பலகை மேல் ஒட்டும் லேமினேட் தாள் வெளியே 1 மில்லிமீட்டர், உள்ளே 0.8 வெள்ளை. கதவின் உள்பக்கத்துக்கு லேமினேட் வேண்டாம் என்று மிச்சம் பிடிக்கிறவர்களின் கதவு ஒரே மழைக்காலத்தில் வளைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிப்பதால் வரும் வினை. சாதாரண வெள்ளைப் பசைக்குப் பதில் தண்ணீர் தாங்கும் வகைப் பசை. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரின் மொத்தத் தொகையைப் பார்த்தால், மீதிப் பணம் எதற்கு என்று கேட்கத் தைரியம் வரும். பலகை விளிம்பில் மெஷினில் ஒட்டிய பட்டையின் (எட்ஜ் பேண்டிங்) சுத்தம் மட்டும் ஆசாரி கையில் வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பழைய வீட்டில் கடப்பா கல் தடுப்பும் கிரானைட் மேடையும் நன்றாக இருந்தால் எதையும் இடிக்கவே வேண்டாம். கடையில் இடிக்கத்தான் சொல்வார்கள், பெட்டி விற்க வேண்டுமே. கல்லுக்குக் கரையானும் இல்லை, ஈரமும் இல்லை. தேவை கதவு மட்டும். கல்லில் நேரடியாக ஹிஞ்ச் பிடிக்காது, விளிம்பில் துளை போட்டால் பிளக்கும். 18 மில்லிமீட்டர் பிளைவுட் சட்டத்தை முதலில் சுவரிலும் கல்லிலும் பொருத்தி, அதில் 35 மில்லிமீட்டர் குழி ஹிஞ்சுக் கதவு. கொத்தனார் கட்டிய தடுப்பில் இரண்டு கண் (அறை) ஒரே அளவில் இருக்காது. ஒவ்வொன்றையும் மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, இருப்பதில் சின்ன அளவை எடுக்க வேண்டும். தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும், ஆகவே கதவின் அடிக்கோட்டை ரசமட்டம் வைத்துத்தான் குறிக்க வேண்டும், தரையிலிருந்து அளக்கக்கூடாது.

மேல்பெட்டிக்குச் சுவரில் துளையிடும் முன் உள்ளே போகும் குழாய் எங்கே ஏறுகிறது என்று பிளம்பரிடம் கேட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டுவிட வேண்டும். டைல்ஸைத் தாண்டும்வரை டிரில்லில் ஹாமர் போடக்கூடாது. மூலையில் இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அடைக்கும் 2 அங்குல ஃபில்லர் பட்டை கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு டிராயரை இழுத்தால் அடுத்த கதவின் கைப்பிடியில் இடிக்கும். மூலைக்கு இரண்டு தடவை காசு வாங்கிய கடையும் இந்தப் பட்டையைத் தானாக வைக்காது. பாதிப் பணம் அட்வான்ஸ், பெரும்பகுதி பெட்டி வண்டி ஏறும் முன் என்பதுதான் வழக்கம். பத்து சதவீதமாவது எல்லா டிராயரும் இழுத்துப் பார்த்த பிறகு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்து வேலை பார்க்கிறவர்கள் திரும்பும் விமான டிக்கெட் தேதியை மட்டும் கடையில் சொல்லாதீர்கள்.