வெயிலில் நிற்கும் காருக்கு எந்த சீலன்ட்? ஒரு வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

சீலன்ட் என்பது கார் பெயிண்டைக் காக்க மேலே பூசும் மெல்லிய பூச்சு. அதன் டப்பாவில் 'ஆறு மாதம்', 'ஒரு வருடம்' என்று போட்டிருப்பதெல்லாம் ஷெட்டுக்குள் நிற்கிற, நல்ல தண்ணீரில் கழுவுகிற காருக்கான கணக்கு. சென்னை மாதிரி ஊரில் தெருவோரம் நின்று, போர் தண்ணீரில் குளிக்கிற கார் என்றால் அதில் பாதி வந்தாலே லாபம்தான். இங்கே சொல்வது அப்படிப்பட்ட அடர் நிறக் காரைப் பற்றி.

முதலில் கழித்துவிட வேண்டியவை. சுத்தமான கார்னோபா வாக்ஸ் (ஒரு பனை இலையிலிருந்து எடுக்கும் மெழுகு) தரும் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் அதன் உருகுநிலையே 82 முதல் 86 டிகிரிதான்; சித்திரை வெயிலில் கறுப்பு பானெட் 70 டிகிரியைத் தொடும். ஆறு வாரம் தாங்கினால் பெரிது. 'டெஃப்லான் கோட்டிங்' என்று தலையில் கட்டுவதை வாங்கவே வேண்டாம். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் யாரும் காரை வேகவைப்பதில்லை, அப்புறம் அது பெயிண்டில் எப்படி ஒட்டும்? செராமிக் கோட்டிங் வருடக்கணக்கில் நிற்கும், மறுப்பில்லை. ஆனால் போடும்போது துடைக்காமல் விட்ட திட்டு காய்ந்துவிட்டால், பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் செய்கிறவருக்கு அது வேண்டாத வம்பு.

மிஞ்சுவது திரவ பாலிமர் சீலன்ட். மென்செர்னா பவர் லாக் இந்த வகை. கோலினைட் 845 பெயரளவில் வாக்ஸ் என்றாலும் கார்னோபாவோடு பாலிமரும் கலந்தது, நடத்தையில் சீலன்ட் பக்கம்தான். அடியில் இப்படி ஒன்றைப் போட்டு, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மேலே எஸ்ஐஓ2 (சிலிக்கா கலந்த) ஸ்பிரே அடித்துக்கொண்டு வருவதுதான் செலவுக்கும் உழைப்புக்கும் கட்டுப்படியாகிற வழி.

எந்த பிராண்ட் என்பதைவிட அடிப்படை வேலைதான் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஷாம்பூ வாஷுக்குப் பிறகு, பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவுங்கள். நறநறவென்று தட்டுப்பட்டால் கிளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் போன்ற துண்டு) கட்டாயம். 50 கிராம் துண்டைத் தட்டையாக்கி, ஷாம்பூ தண்ணீர் தாராளமாக விட்டு, அரை பேனலாக அழுத்தாமல் ஓட்டினால் போதும். கீழே விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கழுவி எடுத்தாலும் மணல் போகாது. அடர் நிறத்தில் கிளே லேசாக மங்கல் விடும், அதற்கு ஒரு மென்மையான பாலிஷ் தேவைப்படும்.

பலர் கோட்டை விடுவது அடுத்ததில்தான். பாலிஷின் எண்ணெய் பெயிண்டில் படிந்திருக்கும். அதன்மேல் போட்ட சீலன்ட் பெயிண்டில் பிடிக்காமல் எண்ணெயில் மிதக்கும், நாலு வாஷில் போய்விடும். 150 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலோடு 850 மில்லி டிஸ்டில்டு வாட்டர் கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் பேனல் பேனலாகத் துடைத்துவிட்டே சீலன்டைத் தொடுங்கள். டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயிண்ட் அடித்த பேனல் என்றால் குறைந்தது 30 நாள் பொறுங்கள். உள்ளே இருக்கும் சால்வென்ட் வெளியேற வேண்டும்.

போடுவது காலை வெயில் ஏறுவதற்குள், நிழலில், புறங்கையை வைத்தால் பேனல் குளிர்ச்சியாக இருக்கும்போது. ஒரு ஹேட்ச்பேக்குக்கு 15 முதல் 20 மில்லி தாராளம். பெயிண்டைத் தொடும் மெல்லிய அடுக்கு மட்டுமே நிற்கப்போகிறது, மிச்சமெல்லாம் துணியோடு போய்விடும். கூடுதலாகப் பூசினால் திட்டுத்திட்டாகத் தெரிவதுதான் மிச்சம். காய்ந்ததா என்று பார்க்க ஒரு விரலால் கோடு இழுங்கள்: கோடு தெளிவாகப் பளிச்சிட்டால் துடைக்கலாம், ஈஷினால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். ஐப்பசி ஈரக்காற்றில் இது இரட்டிப்பு நேரம் எடுக்கும். இரண்டாவது கோட் ஆயுளை இரட்டிப்பாக்காது, விட்டுப்போன இடத்தை நிரப்பும், அவ்வளவுதான். கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் விட்டால் வெள்ளைக் கறை படியும். பிறகு 12 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. இரவுப் பனியும் தண்ணீர்தான்!

முதல் மாதம் நீர் முத்து முத்தாக நிற்கும், பார்க்க அழகு. ஆபத்தும் அங்கேதான். உப்புத் தண்ணீர் முத்து வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வளையம். சீலன்ட் போட்ட காரைக் கழுவினால் உடனே ஈரம் ஒற்றியே ஆக வேண்டும். ஆர்ஓ மெஷினின் கழிவுநீரை மிச்சம் பிடித்துக் கார் கழுவுகிறவர்கள் உண்டு; போர் தண்ணீரைவிட அதில்தான் உப்பு அதிகம். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. பக்கெட்டில் பிடித்து, தூசி அடங்கியதும் துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றினால் கறை பெருமளவு குறையும்.

மூன்றாம் மாதம் வாக்கில் கதவுகளில் முத்து நிற்கும், ரூஃபிலும் பானெட்டிலும் தண்ணீர் சப்பையாகப் பரவும். சீலன்ட் செத்துவிட்டது என்று உடனே மறுபடி பூச வேண்டாம். பாதி நேரம் அதன்மேல் உப்பும் தூசியும் அடைத்திருக்கும். ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து குளிர்ந்த பேனலில் இரண்டு நிமிடம் வைத்து நன்றாக அலசுங்கள். முத்து திரும்பினால் சீலன்ட் உயிரோடு இருக்கிறது. திரும்பாவிட்டால் ரூஃப், பானெட், டிக்கி மூன்றுக்கு மட்டும் மறுகோட் போதும்.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. காக்கா எச்சத்தை எந்த சீலன்டும் ஒரு நாள் முழுக்கத் தாங்காது. ஈரத்துணியை ஐந்து நிமிடம் அதன்மேல் போட்டு, ஊறியதும் தேய்க்காமல் தூக்கியெடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடி பிசுபிசுப்பும் அப்படியே. கீறலையும் இது தடுக்காது: பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற கிளியர் கோட்டே சுமார் 40 மைக்ரான், சீலன்ட் ஒரு மைக்ரான்கூட இல்லை. அபார்ட்மென்டில் ஒரே பக்கெட், ஒரே துணியில் தினமும் பத்துக் காரைத் துடைக்கும் ஏற்பாடு இருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். வெயிலைவிட வேகமாக சீலன்டைத் தின்பது அந்தத் துணிதான். வாட்டர் வாஷ் கடையில் அடிப்பாகத்துக்கு டீசல் ஸ்பிரே அடிக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; கதவின் கீழ்ப்பகுதியில் தெறித்து அங்கே மட்டும் சீக்கிரம் போய்விடும்.

முழுக்கோட்டுக்கு வருடத்தில் இரண்டு தருணம்: அக்னி நட்சத்திரத்துக்கு முன் பங்குனியில் ஒன்று, வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன் புரட்டாசியில் ஒன்று.